இரண்டு பெயரிங்குகளுக்கு நடுவிலிருந்த குழாய்

அத்தானின் மோட்டார் சைக்கிளில் முன்சில்லு ஆடத் தொடங்கியபோது, அதைத் திருத்தக் கராச்சுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அத்தான் என் அக்காவின் கணவர். விடிய முதல் மன்னாரிலிருந்து விடத்தல்தீவுக்குப் போய் மீன் எடுத்து, பெட்டியைப் பின்னால் கட்டி, உயிலங்குளம் பக்கத்து வயல் ஊர்களில் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார். எனக்கு அரசாங்கக் கந்தோரில் எழுத்து வேலை. பேனை தவிர வேறொன்றும் பிடிக்கத் தெரியாதவன் என்று அவருடைய கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். அது எனக்கு உள்ளூரச் சுட்டுக்கொண்டிருந்தது.

“சில்லு சுத்திற பெயரிங் தேய்ஞ்சு போச்சு அத்தான். ரெண்டையும் மாத்தினால் சரி. நான் வீட்டிலையே செய்யிறன்.”

“உனக்குத் தெரியுமோ?”

“கராச்சில எத்தினை தரம் பாத்தனான்.”

பார்த்தது உண்மை. ஒருநாளும் செய்ததில்லை.

புதுப் பெயரிங்குகளைக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் பெரியவரின் கடையில் வாங்கினோம். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒவ்வொன்றையும் விரலில் மாட்டிச் சுழற்றி, என் காதருகே பிடித்தார். “ஒரு சத்தமும் இல்லை, பாத்தீங்களோ?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் முற்றத்தில் சாக்கை விரித்துச் சில்லைக் கழற்றினேன். ஒரு கம்பியை உள்ளே விட்டுச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்ட, பழைய பெயரிங்குகள் துருவும் கறுத்த கிறீசுமாக வெளியே வந்தன. அவற்றோடு விரல் நீளத்தில் ஒரு இரும்புக் குழாயும் விழுந்தது. சில்லைத் துடைத்து, புதுக் கிறீஸ் பூசி, பழைய பெயரிங்கை மேலே வைத்துத் தட்டிப் புதியவற்றை இரு பக்கமும் இறக்கினேன். கோணாமல் இறங்கின. அத்தான் தேத்தண்ணியோடு வந்து பார்த்து, “பரவாயில்லையே மச்சான்!” என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அவர் உள்ளே போனபின் சாக்கை உதறினேன். குழாய் கீழே உருண்டது.

அது இரண்டு பெயரிங்குகளுக்கும் நடுவில் இருக்க வேண்டியது. அச்சை இறுக்கும்போது பெயரிங்குகள் உட்பக்கமாக நெரிபடாமல் தாங்குவது அதுதான். அதைப் போடுவதென்றால் புதுப் பெயரிங் ஒன்றை உள்ளிருந்து அடித்து எடுக்க வேண்டும். எடுத்தால் அது பழுதாகிவிடும். அத்தானிடமும் சொல்ல வேண்டும். நான் குழாயைச் சாரத்தின் மடியில் செருகினேன். அச்சை இறுக்கியபோது சில்லு இறுகி நின்றது. நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன், சுற்றியது. ஓட ஓடச் சரிவரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குழாயை என் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்தேன்.

ஐந்தாம் நாள், விடத்தல்தீவிலிருந்து வரும் வழியில் பெயரிங் உடைந்து முன்சில்லு இறுகியது. அத்தான் தூக்கி எறியப்பட்டார். தோள் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் என்னைத்தான் தேற்றினார். “நீ கவலைப்படாதை. உன்னிலை பிழையில்லை. அந்த நானா பழைய சாமானைத் துடைச்சுத் தந்திட்டார்.”

அக்கா பக்கத்தில் அழுதுகொண்டு நின்றாள். நான் அவள் கையிலிருந்த மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வெளியே போனேன்.

கையைக் கழுத்துத் தொங்கலில் போட்டுக்கொண்டு அத்தான் நானாவின் கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். சனம் நிறைந்த நேரம். “கள்ளச் சாமான் வித்து ஆக்களைச் சாக்காட்டப் பாக்கிறீங்களோ?” என்று அத்தான் கத்தினார். நானா பதிலுக்குக் கத்தவில்லை. உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நடுவில ஒரு குழாய் இருக்குமே. அதைப் போட்டனீங்களோ தம்பி?”

அத்தானும் என் பக்கம் திரும்பினார்.

“ஓம் நானா. போட்டனான்.”

நானா துண்டுகளை மேசையில் வைத்தார். “அப்ப சாமானிலதான் பிழையாக்கும்,” என்று சொல்லி, புதிதாக இரண்டை எடுத்துப் பேப்பரில் சுற்றித் தந்தார். அவற்றைக் குழாயோடு சேர்த்து, அத்தான் பார்க்காத நேரத்தில் சில்லில் பூட்டினேன். அத்தானோ மீன்துறையில் கண்டவர்களுக்கெல்லாம் அந்தக் கடைப் பக்கம் போகவேண்டாம் என்று சொன்னார். பலர் போகவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில், பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். “என்னட்டைச் சொன்னது காணாது. அந்த மனிசனிட்டைப் போய்ச் சொல்லுங்கோ,” என்றார் சுவாமியார். இரண்டு தரம் கடைவாசல் வரை போனேன். ஒருதரம் உள்ளே ஆட்கள் நின்றார்கள். மற்றத் தரம் ஒருவரும் இல்லை. ஒரு வால்வு ரியூப் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அந்த ஆண்டிலேயே சண்டை மறுபடி மூண்டது. மாரி தொடங்கும் நேரம், இயக்கத்துப் பெடியள் துவக்கோடு வந்து, மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்தச் சனங்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். கேள்விப்பட்டு ஓடிப்போனேன். கடை பூட்டிக் கிடந்தது. போகவேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் துணிவிருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை.

அன்று பின்னேரம் அத்தானிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“தோள் போனால் போகட்டும். அவ்வளவு சனத்துக்கு முன்னால அந்த மனிசனைக் கள்ளனாக்க என்ரை வாயை எல்லோ பாவிச்சிட்டாய்,” என்றார். பிறகு நெடுங்காலம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பல வருடங்களின் பின் கந்தோர் அலுவலாகக் கற்பிட்டிப் பக்கத்துப் புத்தளம் போனபோது, விசாரித்து விசாரித்து நானாவைத் தேடிப் பிடித்தேன். ஒரு கிடுகுக் கொட்டிலில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். தாடி முழுதும் நரைத்திருந்தது. நின்றபடியே ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “எந்தப் பெயரிங் தம்பி?”

மறுபடி சொன்னேன். அத்தானின் தோளை, அவர் கத்தியதை, என் பொய்யை. அவருக்கு நினைவு வரவில்லை. என் மனம் நோகக்கூடாதென்று தலையை மட்டும் ஆட்டினார். மன்னிப்பதற்கு அவரிடம் அந்த நாளே இருக்கவில்லை.

“அதை விடுங்கோ. என்ரை கடைக் கதவு இன்னும் கிடக்குதோ?” என்று கேட்டார்.

“இல்லை நானா. கதவும் கூரையும் ஆக்கள் கழட்டிக்கொண்டு போயிட்டினம்.”

அவர் கையிலிருந்த ரியூப்பைத் தண்ணீர் வாளிக்குள் அமத்தி, எங்கே காற்றுப் போகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்பக்கம் திரும்பி, வீட்டாரிடம் எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார்.