பெரட்டுக்கு நடந்த அக்காள்

என் அக்காள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் தோட்டத்து மக்களும் அவரை அறிவீர்கள். ஆயினும் எழுத வேண்டிய கடமை என்னுடையது. எங்கள் தாய் பெற்ற ஐவரில் மிஞ்சியவன் நான் ஒருவனே.

அக்காள் தஞ்சைச் சீமையில் பிறந்தவர். முப்பது வயதைத் தாண்டிய பின் கணவரோடு கப்பலேறி, மலாயாவில் யோங் பெங்குக்கு அப்பால் உள்ள இந்தத் தோட்டத்துக்கு வந்தார். மூன்றாம் ஆண்டே காய்ச்சலில் கணவர் மாண்டார், பிள்ளைகள் இல்லை. பால்மரம் வெட்டி, ரப்பர்ப் பால் இறக்கிச் சேர்த்த கூலியில் என்னை வரவழைத்தார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்ததும் அவராலேதான்.

ரப்பர் விலை விழுந்த காலத்தில் ஒருநாள் காலை, பால் வாளியோடு மரத்தடியில் சாய்ந்துவிட்டார். வாயுப் பிடிப்பு என்று நினைத்தோம். பட்டணத்திலிருந்து வந்த டாக்டர் மாரடைப்பு என்றார். ஆறு வாரம் சொம்புகூடத் தூக்காமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதைவிடப் பெரிய பயம் பின்னால் வந்தது. விலை விழுந்ததால், வேலை செய்ய இயலாதவர்களைத் தோட்டத்துத் துரை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். கங்காணி வாசலிலேயே நின்று சொன்னார்: “வாத்தியாரே, அடுத்த மாசக் கடைசிக்குள்ள பெரட்டுல வந்து நிக்கணும். நிக்கிறவங்களுக்குத்தான் வேலை. நான் என்ன செய்ய?” விடியுமுன் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதையே இங்கே பெரட்டு என்கிறோம்.

அக்காள் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். “தம்பி, கப்பல்ல ஏத்தினா நான் கரை சேர மாட்டேன். சேந்தாலும் அங்க எனக்கு யாரு இருக்கா?” என்றார்.

அந்த ஆறு வாரமும் அடுத்த வீட்டுச் செல்லம்மா கஞ்சி வைத்தார். கடைசி வீட்டு மரியாயி தண்ணீர் எடுத்தார், துணி துவைத்தார். தவணை முடிந்தும் அக்காளால் எழ முடியவில்லை. கால் தரையில் பட்டதும் கை நெஞ்சுக்குப் போகும். நானும் பதறி, படுங்கள் படுங்கள் என்பேன்.

“வாத்தியாரே, நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலே அக்காவுக்கு நெஞ்சு வலிக்குது” என்றார் செல்லம்மா.

எங்கள் லயம் ஒரே கூரைக்கடியில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள் கொண்டது. வேலை முடிந்து வந்த பெண்கள் ஒவ்வொரு வாசலிலும் அக்காள் உட்கார ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். நடக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. குழம்பில் உப்புப் பார்க்க வேண்டும் என்று செல்லம்மா கூப்பிட்டார். அக்காள் சுவரைப் பிடித்துப் போய் உட்கார்ந்து, பேசிவிட்டுத் திரும்பினார். மறுநாள் அதற்கடுத்த வீட்டில் குழந்தைக்குப் பேர் வைக்க யோசனை வேண்டியிருந்தது. இப்படியே தினம் ஒரு வாசல் கூடியது. மரியாயி வீட்டை எட்டிய அன்று அக்காளுக்கு வேர்த்துக் கொட்டியது. நான் மறுபடியும் படுங்கள் படுங்கள் என்றேன். மரியாயி மட்டும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னார்.

கெடு முடியும் நாளில் பெரட்டுக் களத்து மேட்டில் அக்காளைச் சுற்றிப் பெண்கள் அத்தனை பேரும் மெல்ல நடந்தார்கள். கங்காணி திட்டினார்; ஒருவரும் நடையைக் கூட்டவில்லை. வரிசையில் செல்லம்மா ஒரு தோளும் மரியாயி ஒரு தோளும் ஒட்டி நின்றார்கள். துரை லாந்தரை உயர்த்தி அக்காளின் முகத்தைப் பார்த்தார். நிற்க முடியுமா என்று கேட்டார்.

“நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன், தொரை” என்றார் அக்காள்.

பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை கிடைத்தது. அதன் பின் நான்கு ஆண்டுகள் இருந்தார். நான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தனியாகப் போய்விடுவாரோ என்று அந்த நான்கு ஆண்டும் பயந்தேன். செல்லம்மா வீட்டு வாசலில் கீரை ஆய்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சின் நடுவிலேயே அக்காள் உயிர் பிரிந்தது. நான் ஓடி வந்தபோது அவர் தலை செல்லம்மா மடியில் இருந்தது.

செல்லம்மாவுக்கும் மரியாயிக்கும், எங்கள் லயத்துப் பெண்கள் அனைவருக்கும், பாடை சுமந்த தோட்டத்துத் தம்பிமாருக்கும் என் நன்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் லயத்துப் பாக்கியம் அதே நெஞ்சுவலியோடு இருபது நாளாகப் படுத்திருக்கிறார். வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கிறது. அவரைப் பற்றித் துரை விசாரித்ததாகக் கேள்வி. எனக்குப் பயமாக இருக்கிறது. இன்று திவசச் சோறு சாப்பிட்டு எழுந்ததும் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.