நசுங்கிய மீன் ரின்

இன்று ரொறன்ரோவில் மல்வேர்ன் போகும் பஸ்ஸில் சிவம் அண்ணையைக் கண்டேன். எண்பத்தாறில் அகதியாக வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் ஒரே மாடியில் இருந்தோம். அப்போது சேர்ந்த பிளாஸ்ரிக் கொம்பனியில்தான் பென்சன் எடுக்கும் வரை வேலை செய்தார்.

"நல்ல வேலையள் வந்தும் ஏன் அண்ணை மாறேல்லை?"

"சேர்ந்த வருசம் கிறிஸ்மஸுக்கு ஏழையளுக்குக் குடுக்கவெண்டு கொம்பனி சாப்பாட்டுச் சாமான் சேர்த்தது. நானும் மீன் அடைச்ச தகர ரின் ஒண்டு, நசுங்கினது, போட்டனான். பிறகு பார்த்தால், அந்தச் சாமானெல்லாம் அகதியளுக்கெண்டு எங்கடை கட்டடத்துக்கே வந்திட்டுது. எனக்குக் கிடைச்ச பெட்டியிலை அதே ரின். போட்டதை வீடு தேடிக் கொண்டுவந்து தாற கொம்பனியை விட்டிட்டுப் போக மனம் வருமே?"

"ரின்னை உடைச்சுச் சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை. அடுத்த வருசமும் அதைத்தான் போட்டனான்."

அது இப்போது யார் வீட்டு அலுமாரியில் இருக்கிறது? கண்டவர்கள் கீழே கொமென்ற்றில் சொல்லுங்கள்.