அண்ணாச்சி வேண்டாமென்ற மைக்

என் கணவர் துபாய்க்குக் கப்பலேறும் முன், மகளுக்காக அவர் பாடும் தாலாட்டை டேப்பில் பதிய நினைத்தேன். மைக் வாங்கப் போனபோது, கடை அண்ணாச்சி விலை குறைந்த சின்ன மைக்கை நீட்டினார்.

"இது போதும்மா. வாய்ப் பக்கத்துல பிடிச்சாத்தான் கேக்கும். பெரிய மைக்குன்னா வீட்டுச் சத்தம் பூராத்தையும் பிடிச்சிரும்."

என் சேலையைப் பார்த்து எடைபோடுகிறார் என்று தோன்றியது. "படிச்சவளுக்கு மைக் வாங்கத் தெரியாதா அண்ணாச்சி?" என்று ஏளனமாகக் கேட்டுவிட்டுப் பெரியதையே வாங்கினேன்.

பதிந்த டேப்பைக் கணவர் போனபிறகுதான் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு வரியிலும், சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த என் குரல் குறுக்கிட்டது. "சுருதி சேரலை. திரும்பப் பாடுங்க. இதுகூடவா ஒங்களுக்கு வராது?"

கடையில் கேட்ட அதே ஏளனம்.

மகள் முதல் வரியிலேயே தூங்கிவிடுகிறாள். மீதி டேப்பை நான்தான் கேட்கிறேன்.