‘களத்தில் ஆடினாரா’ என்னும் கட்டம்

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பல ஆண்டுகள் சரிபார்த்தவன் நான். அணியின் பயிற்சியாளர் நிரப்ப வேண்டிய சான்றிதழில், ‘களத்தில் ஆடினாரா? ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதைச் சேர்க்கச் சொல்லிக் குறிப்பெழுதியவனும் நானே. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்களெல்லாம் தேசிய வீரர்களாக என் மேசை முன் நின்ற காலம் அது. மேலதிகாரி பாராட்டினார். நானும் தடுக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நிறுவனத்தின் டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டேன். கான்ட்ராக்டில் குவார்ட்டர்ஸ் பிளாக்குகளைப் பெருக்கும் பெண் ஒருவர், அந்த வேலை முடிந்ததும் என் வீட்டுக்கும் வருவார். அவர் மகள்தான் தேசியப் பெண்கள் கால்பந்து அணிக்குப் போனாள். அவளைத் திடலில் கண்டெடுத்த பெண்மணியே இப்போது அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர். எங்கள் பழைய குவார்ட்டர்ஸுக்கு எதிர்வீட்டில் வளர்ந்தவர்.

கோப்பைப் போட்டியில் அரையிறுதி வரை மகள் பெஞ்சை விட்டு எழவில்லை. ஒதுக்கீட்டு வேலைக்கான வயது வரம்போ அவளுக்கு இந்த ஆண்டோடு முடிகிறது. களத்தில் ஒரு நிமிடம் நின்றாலும் ‘ஆம்’தான் என்று அவள் அம்மாவுக்கு விதியை விளக்கினேன். அவர் அதை அப்படியே போனில் பயிற்சியாளரிடம் ஒப்பித்த விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

இறுதி ஆட்டத்தன்று மாலை அம்மா என் வீட்டில் நாற்காலியை மறுத்துவிட்டு டிவி முன் தரையில் உட்கார்ந்திருந்தார். நம் அணி ஒரு கோல் முன்னிலை. ஐந்து மாற்றங்களில் நான்கு முடிந்து, ஒன்றுதான் மிச்சம். எண்பதாவது நிமிடத்தில் பந்தைப் பிடிக்கத் தாவிய நம் கோல்கீப்பர் கோணலாக விழுந்தாள். எழுந்தாள், ஆனால் ஒரு காலை ஊன்ற முடியவில்லை.

“அந்தப் பொண்ணு நொண்டிக்கினு நிக்குதே சாரு. ஏன் மாத்தாம இருக்காங்க?”

எனக்கும் புரியவில்லை. எதிரணி அடித்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. கோல்கீப்பர் அதற்கு நகரக்கூட இல்லை. பயிற்சியாளர் கோட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு பெஞ்சைத் திரும்பிப் பார்த்து விரலை அசைத்தார். மகள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே ஓடி வந்தாள். அம்மா எழுந்து நின்றுவிட்டார். மாற்று எண்ணைக் காட்டும் பலகையில் விளக்கெரிந்தது.

அந்த நொடியில் கோல்கீப்பர் சரிந்து விழுந்தாள். இம்முறை எழவில்லை. பலகை இறங்கியது. மாற்றுக் கோல்கீப்பர் கையுறையை மாட்டிக்கொண்டே ஓடினாள். மகள் மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஜெயித்தோம். வெளியே பட்டாசு வெடித்தது. திரையில் பயிற்சியாளரைத் தோளில் தூக்கினார்கள். “ஜெயிச்சிட்டாங்க சாரு” என்று சொல்லிவிட்டு, அம்மா மிச்சப் பாத்திரங்களைக் கழுவப் போனார்.

அடுத்த வாரம் டவுன்ஷிப் மன்றத்தில் பயிற்சியாளருக்குப் பாராட்டு விழா. யாருக்கு அடுத்து யார் பொன்னாடை போர்த்துவது என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் போனது. விழா முடிந்து பயிற்சியாளர் நேரே என் வீட்டுக்கு வந்தார். அம்மா சான்றிதழ்ப் படிவத்தை அவர் முன் வைத்தார். நான் பேனா மூடியைக் கழற்றி நீட்டினேன்.

“‘ஆம்’னு போடும்மா. இதையெல்லாம் தோண்டிப் பாத்த ஆளு ரிட்டயர் ஆகி இங்க உட்காந்திருக்கேன்.”

“நீங்களா சார் சொல்றீங்க?”

பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதவில்லை.

“கீப்பருக்குக் கால் போயிடுச்சுன்னு விழுந்தப்பவே தெரியும் சார். மாத்தல. கடைசி மாத்தத்த இவளுக்காகப் பிடிச்சு வெச்சிருந்தேன். ஆட்டத்துக்கு இவ தேவைப்படல. இந்தக் கட்டத்துக்குத்தான். அந்தப் பந்து கம்பத்துல படாம உள்ள போயிருந்தா?”

அம்மா குரல் தாழ்ந்தது. “நாந்தாம்மா போன் போட்டு நச்சரிச்சேன்.”

“நீங்க கேட்டீங்க அக்கா. செஞ்சது நான். ஒரு தடவ செஞ்சது போதும். அந்தக் கீப்பர் இன்னும் கட்டுப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கா.”

“வருசக் கடைசில வர்ற கப்புல எறக்குவீங்க இல்ல?”

“இந்தக் கப்போட என் கான்ட்ராக்ட் முடிஞ்சிது அக்கா.”

அந்தச் சொல்லை அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பயிற்சியாளர் ‘இல்லை’ என்பதைச் சுற்றி வட்டமிட்டார். கையெழுத்து, பதவி, இடம், தேதி, எல்லாம் அதனதன் இடத்தில். “சரியா இருக்கா சார்?” என்று என்னிடம் தள்ளினார். பழக்கதோஷத்தில் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

அவர் போன பிறகு அம்மா படிவத்தை எடுத்துக்கொண்டார்.

“இதக் குடுத்தா எடுத்துப்பாங்களா சாரு?”

“திருப்பி அனுப்பிடுவாங்க” என்றேன்.

திருப்பி அனுப்பும் கடிதத்தின் வாசகமும் நான் எழுதிக் கொடுத்ததுதான். அதை அவரிடம் சொல்லவில்லை.