ஆப்புக்கு லாக் என்று பெயர் வைத்தார்கள்

என் ரேக்கில் ஆணி அடித்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. கடைவீதியில் எதிர்ப்பட்டால் "என்னக்கா, சௌக்கியமா?" என்று வாய் நிறையக் கேட்பார். நானும் தலையாட்டிவிட்டுப் பொருமிக்கொண்டே போவேன்.

சங்கரன்கோவிலில் என் அண்ணன் பிளைவுட் கடை வைத்திருக்கிறார். கடையின் ஓரத்தில் ஒரு மேசை போட்டு, வீடு கட்டுகிறவர்களுக்கு அலமாரியும் சமையலறை அடுக்கும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலை. அதற்குத்தான் படித்தேன். அண்ணன் வருகிறவர்களிடம் என்னை "தங்கச்சி, சும்மா கோடு போட்டுக்கிட்டு இருக்கா" என்று அறிமுகப்படுத்துவார். அந்தச் 'சும்மா'வைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது.

கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே கோத்துக்கொள்ளும் ரேக் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணமும் ஒரு கோபத்தில்தான் வந்தது. எனக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண் தறிக்கூடத் தெருவில் வாடகைக்கு இருக்கிறாள். கணவன் கேரளாவில் ஹோட்டல் வேலையில். ஜாக்கெட் துணிகளெல்லாம் தரையில் சாக்கு விரித்துக் குவிந்து கிடக்கும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் சட்டம். "அப்ப ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு நிக்கிற மாதிரி ரேக் ஒண்ணு செய்ய வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"ஆம்பளை இல்லாத வீட்ல ஆசாரி வந்து நாள் பூரா நின்னு வேலை பாத்தா தெருவே எட்டிப் பாக்கும்க்கா," என்றாள்.

நாலு பலகையை நிறுத்துவதற்கு ஒரு பெண் தெருவிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒருத்தி தனியாக, சுத்தியலோ ஸ்குரூ டிரைவரோ இல்லாமல், வெறுங்கையால் கோத்து நிறுத்த வேண்டும். வீடு மாறினால் கழற்றிக் கட்டிப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். அப்படி ஒன்றைச் செய்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் செய்தது, பலகையைப் பலகையில் இறுக்கமாகச் செருகுகிற மாதிரி. கடையில் பாறையாக நின்றது. அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்ததும் சில நாட்களிலேயே கிடுகிடுவென்று ஆடத் தொடங்கிவிட்டது. காரணம், சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. தறி ஓடும்போது அவள் வீட்டில் தரையில் வைத்த டம்ளர்கூட இடம் மாறும். அந்த அதிர்வில் எந்தச் செருகல் தாங்கும்?

பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு உறைத்தது. அதிர்வதை நிறுத்த முடியாதென்றால் அந்த அதிர்வையே வேலை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தட்டுப் பலகையின் நுனியில் ஒரு நாக்கு விட்டேன். அது பக்கப் பலகையின் துளை வழியாக வெளியே நீளும். வெளியே நீண்ட நாக்கிலும் ஒரு துளை. அதில் மேலிருந்து ஓர் ஆப்பைப் போட வேண்டும். மேலே அகலம், கீழே குறுகல். தறி ஓட ஓட ஆப்பு தன் பாரத்தால் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். இறங்க இறங்கப் பலகைகள் இறுகும். கழற்ற வேண்டுமானால் அடியிலிருந்து உள்ளங்கையால் ஒரு தட்டு. அவ்வளவுதான். அதை முதன்முதலாகக் கோத்துப் பார்த்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ரேக்கைத் தொட்டுக் கும்பிட்டேன்.

அண்ணனிடம் விளக்கினேன். ஆப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏட்டி, கடையில வச்சு ஆப்பு ஆப்புங்காத. வாங்குதவனுக்கே ஆப்பு வைக்கோம்னு ஊரே சிரிக்கும். லாக்குன்னு சொல்லு, கௌரவமா இருக்கும்."

"லாக்குன்னா அசையாம இருக்கணும்ண்ணே. இது இறங்கிக்கிட்டே இருக்கணும். அதான் ஆப்பு."

"எளவு, என்னமோ ஒண்ணு. லாக்கு."

அண்ணன் சொன்னால் சொன்னதுதான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். ஆடித்தபசுத் திருவிழா முடிகிற வரைக்கும் தறிக்கூடத் தெருவில் அது நின்றால் கடையில் வைத்து விற்பார். விழுந்தால் நான் இந்தக் கிறுக்கை விட்டுவிட்டுச் சமையலறை வரைய வேண்டும்.

தையல்காரப் பெண் தன் கையாலேயே கோத்தாள். நான் வாசல்படியில் நின்று பார்த்ததோடு சரி. எல்லா ஆப்பையும் போட்டு முடித்துத் துணிகளை நிறம்நிறமாக அடுக்கி, போட்டோ எடுத்துக் கணவனுக்கு அனுப்பினாள். "நான் செஞ்சேன்னு சொன்னா நம்ப மாட்டேங்காருக்கா," என்று சிரித்தாள்.

அப்புறம்தான் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அவள் கொழுந்தன் பைக்கில் வந்து இறங்கினார். நான் மேலே சொன்னேனே, அவர்தான். ரேக்கைச் சுற்றிவந்து ஓர் ஆப்பை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்திருக்கிறார்.

"மதினி, இது என்னது?"

"லாக்குன்னு சொன்னாங்க."

"லாக்குன்னா ஆடப்படாதுல்லா. இது ஆடுது. எதுக்கும் இருக்கட்டும், ஒரு ஆணி அடிச்சுட்டுப் போறேன்."

எதுக்கும் இருக்கட்டும். எங்கள் ஊரில் மனிதன் பிறந்ததிலிருந்து ஓதுகிற மந்திரம் அது. வெந்த சோற்றுக்கு எதுக்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கொதி, வெயில் கொளுத்தினாலும் எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு குடை. அந்த மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு மனிதர் பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி ஒவ்வோர் ஆப்பிலும் நாக்கோடு சேர்த்து ஓர் ஆணி இறக்கிவிட்டார். இறங்க வேண்டிய ஆப்பு ஆணியில் தொங்கிக்கொண்டு நின்றது. தறி ஓட ஓடப் பலகை விலகியது. விலகிய இடத்தை அடைக்க ஆப்பால் இறங்க முடியவில்லை. ஆடித்தபசுக்குக் கொடியேறுவதற்கு முன்னால், அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், ரேக் சாய்ந்து மொத்தத் துணியோடு விழுந்தது. அவள் அந்தப் பக்கம் இல்லாதது தெய்வச் செயல்.

அண்ணனும் நானும் போனபோது கொழுந்தனும் வந்திருந்தார். உடைந்த நாக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆணி இறங்கிய இடத்தில் சரியாகப் பிளந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான் ஆணி அடிச்சதுனாலதான் அண்ணாச்சி இவ்வளவு நாளாவது நின்னுச்சு. இல்லைன்னா என்னைக்கோ விழுந்திருக்கும்."

அண்ணன் தலையை ஆட்டினார். ஆமாம், ஆட்டினார்! கொழுந்தனிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். ஆப்பு என்றால் என்ன, பாரம் எங்கே போகிறது, பிளவு எங்கே இருக்கிறது என்று காட்டினேன். கொழுந்தன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அது சரிக்கா, ஆனா ஆணி இல்லாம எப்படி நிக்கும்?" என்றார். ஆப்பசைத்த குரங்குக்காவது வால் மாட்டியது. இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாட்டியது நான்.

அவர் போன பிறகு தையல்காரப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். "ஆணி அடிக்கப்படாதுன்னு நான் உன்ட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லலையா?"

"சொன்னீங்கக்கா. சுத்தியலோட ஆசையா வந்து நிக்காரு. வேண்டாம்னா, அண்ணன் இல்லாத வீட்ல மதினி ரொம்பத்தான் பேசுதாம்பாரு. கேரளாவுக்குப் போன் போயிரும்." துணியை உதறி மடித்துக்கொண்டே சொன்னாள். அவள்மேல் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அவர்மேல் வந்தது இரண்டு மடங்கானது.

தபசுக்கு இன்னும் நாள் இருக்கிறது, விழுந்தது ஆணியால், இன்னொரு தரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "இவன் அடிக்கலைன்னா இன்னொருத்தன் அடிப்பான். ஆணி அடிச்சா விழுத சாமானை இந்த ஊர்ல எப்படிட்டி விக்க?" அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆணி அடிக்காமல் இருக்கச் சொல்லி இவர்களைத் திருத்த முடியாது. அப்படியானால் அடிப்பதற்கு ஓர் இடம் கொடுத்துவிட வேண்டும். ரேக்கின் முன்பக்கம், மேல்தட்டுக்குக் கீழே, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு ரப்பர்மரக் கட்டையைச் செருகினேன். நடுவில் ஆணிக்கென்று சின்னதாக ஒரு குழி. அந்தக் கட்டைக்கு ஒரு வேலையும் கிடையாது. அதன்மேல் ஒரு பாரமும் இல்லை. அது இருந்தாலும் ரேக் நிற்கும், பிடுங்கி எறிந்தாலும் நிற்கும். ஆப்புகளைப் பக்கப் பலகைக்கு வெளியே ஒரு மூடியால் மறைத்தேன்.

தபசு வரைக்கும் பார்ப்பதாக அண்ணனும் ஒத்துக்கொண்டார். தையல்காரப் பெண் மறுபடி கோத்தாள். மறுபடி கொழுந்தன் வந்தார். கட்டையையும் குழியையும் பார்த்து முகம் மலர்ந்து, "இது! இப்பத்தான் சரியா செஞ்சிருக்காங்க," என்று ஒரே ஓர் ஆணியை ஓங்கி ஓங்கி அடித்துவிட்டுக் காப்பி குடித்துப் போனார். ஆடித்தபசு முடிந்தது. தறியும் ஓடியது. ரேக் அசையவில்லை.

அண்ணன் வாக்குத் தவறவில்லை. கடை வாசலிலேயே வைத்து விற்றார். பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஒவ்வொரு பார்சலோடும் ஓர் ஆணியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். "எல்லாத்தையும் கையாலேயே கோத்துரலாம். இந்த ஆணிதான் உயிர். இதை மட்டும் நல்லா அடிச்சுருங்க." நன்றாகத்தான் விற்றது. நான் என் மேசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கோடு போட்டேன்.

ஒரு நாள் முற்பகல் ஒரு டீச்சர் வந்தார். வாசுதேவநல்லூரில் தனியாக வீடெடுத்திருக்கிறாராம். புத்தகமெல்லாம் பெட்டியில் கிடக்கிறதாம். பார்சலைத் தூக்கிப் பார்த்தார், பஸ்ஸில் கொண்டுபோய்விடலாம் என்று அவருக்கு ஒரே திருப்தி. அண்ணன் ஆணியைக் கையில் எடுத்தார். "இந்த ஆணிதான் உயிர், டீச்சர்."

"ஆணி அடிக்க எங்க வீட்ல ஆம்பளை யாரும் இல்லையேண்ணே," என்று அவர் பார்சலைத் திரும்பக் கீழே வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காகச் செய்தேனோ அவர் கையிலிருந்தே அது இறங்கிவிட்டது. எழுந்து வாசலுக்குப் போனேன். அங்கே கோத்து நிறுத்தியிருந்த ரேக்கிலிருந்து அந்தக் கட்டையை வெறுங்கையால் ஒரே இழுப்பாக இழுத்து அவர் முன்னால் மேசையில் போட்டேன். "ஆட்டிப் பாருங்க டீச்சர்."

அவர் தயங்கி ஒரு கையால் ஆட்டினார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். ரேக் அப்படியே நின்றது.

"அப்ப இந்தக் கட்டை எதுக்கு?"

"ஆம்பளைங்க ஆணி அடிக்கதுக்கு," என்றேன், அண்ணனைப் பார்த்துக்கொண்டே.

அண்ணன் கையில் ஆணி அப்படியே இருந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. குனிந்து பார்சலுக்குள் கையை விட்டுத் துழாவி, அதிலிருந்த கட்டையையும் உருவி எடுத்து, மேசையில் முதல் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு, பார்சலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்தார்.