எருமைக்குப் போட்ட ஊசி

செத்த மாட்டைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்போம். எப்போது செத்தது, என்ன நோய், கடைசியாக என்ன ஊசி போட்டார்கள். பதில் சரியாக இருந்தால்தான் உடலைப் பாறுகளுக்கு விடுவோம். பாறு என்பது ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லப்படும் பறவை. மாட்டுக்குப் போடும் ஒரு வலி மருந்து, அந்த மாட்டைத் தின்னும் பாறின் சிறுநீரகத்தைக் கெடுத்துச் சில நாட்களில் கொன்றுவிடும். அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்துவிட்டார்கள். ஆனால் மனிதர்களுக்கென்று விற்கும் அதே மருந்தின் குப்பி கடையில் கிடைக்கிறது.

பத்திரிகை வேலையை விட்டுப் புனேவின் ஔந்துப் பகுதியில் குடியிருந்த என்னை இந்தப் பாறு காக்கும் வேலையில் இழுத்துவிட்டவர், கட்கியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருக்கும் நண்பர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகப் புனேவில் இருக்கும் குடும்பம். ஞாயிறுதோறும் அவருடைய பைக்கில் ஜுன்னர் பக்கம் போவோம். அங்கே நாங்கள் கவனித்துவந்த செங்குத்துப் பாறையில் அந்த வருடம் ஒரு பாறுக் கூட்டில் மட்டுமே குஞ்சு இருந்தது. தாயும் தகப்பனும் மாறி மாறி இரை கொண்டுவந்தால்தான் அது பிழைக்கும்.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு, பாறைக்குக் கீழே உள்ள ஊரில் எருமை செத்துவிட்டதாகப் போன் வந்தது. நாங்கள் போனபோது விவசாயி கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கேள்விகளைக் கேட்டேன். ஊசி எதுவும் போடவில்லை என்றார். எழுதிக்கொண்டேன். டிராக்டரில் கட்டி இழுத்துப்போய் மேய்ச்சல் வெளியில் போட்டோம். தூரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தோம்.

பதினோரு மணி வாக்கில் இரண்டு பாறுகள் வட்டமிட்டன. ஒன்று இறங்கி, எருமைக்குச் சற்றுத் தள்ளி நின்றது. அப்போது என் போன் அடித்தது. விவசாயியின் மனைவி. மராத்தியில் வேகமாகப் பேசினார்.

"நீங்க கேட்டப்போ நான் கிணத்தடியில இருந்தேன். அவர் ரெண்டு நாளா வெங்காய லோடோட மார்க்கெட்ல இருந்துட்டு இன்னிக்குக் காலையிலதான் வந்தாரு. அவருக்கு என்ன தெரியும்? மடி வீங்கி எருமை துடிச்சுது. என் கொழுந்தன்தான் வந்து ஊசி போட்டான். நேத்து ராத்திரியும் போட்டான். குப்பி என் கையில இருக்கு."

குப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. நாங்கள் பயந்த மருந்துதான்.

நண்பர் சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டே ஓடினார். பாறு மேலெழுந்தது. அது கொத்தியதா இல்லையா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. அந்த ஒன்றிரண்டு நிமிடம் இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குழி தோண்ட ஜேசிபி சாயங்காலம்தான் கிடைக்கும் என்றார்கள். அதுவரை எருமையை மூட வேண்டும். அரை மணி நேரத்தில் அந்த அம்மாள் கணவரோடு டிராக்டரில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு பெரிய நீலத் தார்ப்பாய். களத்தில் குவித்திருந்த வெங்காயத்தின் மேலிருந்து உருவிக்கொண்டு வந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது.

"மழை வந்தா வெங்காயம் போயிடுமே," என்றேன்.

"தெரியும். அந்த ஓரத்தைப் பிடிங்க."

மூடி, சுற்றிலும் கல் வைத்தோம். நண்பர் என் பக்கம் திரும்பினார். "இன்னாண்ணா இது? இத்தினி வருஷம் பேட்டி எடுத்த ஆளு நீங்க. மாட்டுக்காரரக் கேட்டுக்கினு, அவ்ளோதான் போதும்னு எழுதிட்டீங்களே. நானும் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன், அத்தயும் சொல்லணும்."

அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். "பேப்பர்காரரே," என்றார், "எருமை இவர் பேர்ல. பால் கறக்கிறது நான்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு கல் எடுக்கப் போனார்.

மூன்று மணிக்கு மழை வந்தது. கால் மணி நேரம்தான், ஆனால் நல்ல மழை. அந்த அம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து நாய்களை விரட்டினார். ஜேசிபி வந்து மண் மூடிய பிறகுதான் வீட்டுக்குப் போனார். அந்தப் போனை அவர் செய்யாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. செய்ததால் கொழுந்தன் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது.

நண்பர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. எருமை அருகே இறங்கியது அந்தக் குஞ்சின் தாயோ தகப்பனோவாக இருக்கலாம் என்பதால் நான் ஊரிலேயே தங்கி, எதிரே இருந்த மேட்டிலிருந்து காலை தொடங்கி இருட்டும்வரை கூட்டைப் பார்த்தேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பெரிய பறவை ஒன்று மட்டுமே கண்ணில் பட்டது. ஒரே பறவை திரும்பத் திரும்ப வருகிறதா, இரண்டும் மாறி வருகின்றனவா என்று அவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. புதனன்றும் அதே கதை. வியாழன் காலை பத்தரைக்குக் குஞ்சின் பக்கத்தில் ஒரு பறவை நின்றது. மற்றொன்று வந்து இறங்கியது. குஞ்சு அதன் அலகை இழுத்தது. இரண்டும் கழுத்தை நிமிர்த்தியபடி நின்றன. விஷம் ஏறிய பறவையின் தலை தொங்கிப்போகும். இவற்றுக்குத் தொங்கவில்லை.

மேட்டிலிருந்து இறங்கி ஊருக்குள் போனேன். அந்த அம்மாள் களத்தில் வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் இருக்கு," என்றேன்.

"நீங்களே பார்த்தீங்களா, இல்ல யாரையாவது கேட்டு எழுதிட்டீங்களா?"

"நானே பார்த்தேன். ஒரே நேரத்தில், ரெண்டையும்."

அவர் கை நின்றது. பாறை இருந்த திசையை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். நான் நன்றி சொன்னேன்.

"அது இருக்கட்டும். உட்காருங்க. நனைஞ்சது இந்தப் பக்கம், காஞ்சது அந்தப் பக்கம்."

உட்கார்ந்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.