மூன்று முதல் ஐந்து வரை

பெருங்களத்தூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள். எங்கள் வரிசைக்கு ஒன்று, எதிர் வரிசைக்கு ஒன்று. மாநிலம் முழுக்க மின்சாரம் போதவில்லை என்று அரசாங்கம் பகுதி பகுதியாகத் தினமும் இரண்டு மணி நேரம் நிறுத்தத் தொடங்கிய பிறகுதான் இது எங்களுக்கே தெரிந்தது. ஒரு வரிசையில் கரண்ட் போனால் எதிர் வரிசையில் இருக்கும். ஊறிய அரிசியும் உளுந்துமாகப் பெண்கள் தெருவைக் கடந்து எதிர்வீட்டு கிரைண்டருக்குப் போவார்கள். அவர்கள் நேரம் வரும்போது இங்கே வருவார்கள். எனக்குப் பதினோரு வயது. தினமும் திருவிழா பார்ப்பது போலிருந்தது.

எங்கள் எதிர்வீடு மட்டும் எங்களுக்கு உதவாது. அது பெரியப்பா வீடு. ஊரில் தாத்தாவின் மனையை விற்றதில் வந்த சண்டையில் அப்பாவும் அவரும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த கேட்டைத் தாண்டக் கூடாது என்பது எனக்கும் உத்தரவு. அம்மா நாலு வீடு தள்ளிப் போய் மாவாட்டி வருவார்.

ஒரு சனிக்கிழமை இந்தியா ஆடிய மேட்ச். யாரிடமும் வாய் திறக்காத நான் கிரிக்கெட் என்றால் வேறு பெண். நிறுத்தும் நேரத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி அப்பா சுவிட்ச் போர்டுக்கு மேல் ஒட்டியிருந்தார். எங்களுக்குப் பத்து முதல் பன்னிரண்டு. அது முடிந்துவிட்டதென்று நிம்மதியாக உட்கார்ந்தோம். சரியாக மூன்று மணிக்கு ஃபேன் நின்றது, டிவி அணைந்தது. அன்று ஒன்றாம் தேதி. மாதம் பிறந்தால் நேரம் மாறும் என்பதை அப்பா மறந்துவிட்டார்.

எதிர்வீட்டு ஜன்னலில் டிவி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் எவ்வளவு நேரம்தான் பொறுப்பேன்? ஓடிப்போய் அந்த கேட்டுக்கு வெளியே நின்று எம்பினேன். தாண்டவில்லையே. பெரியப்பா என்னைப் பார்த்தார். எழுந்து டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தன் நாற்காலியை ஓரமாக இழுத்துக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா, ஸ்கோரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"உங்கப்பாவுக்குத் தெரியுதான்னு கேளும்மா" என்றார் பெரியப்பா, ஜன்னலுக்குள்ளிருந்து.

"தெரியுதுன்னு சொல்லு" என்றார் அப்பா, என் தலைக்கு மேலிருந்து.

இருவர் பேச்சையும் நான் மூச்சு வாங்கச் சுமந்துகொண்டிருந்தேன். கேட்டதையே திரும்பச் சொல்வது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. விக்கெட்டுகள் விழுந்தன. கடைசி ஓவர். பத்து ரன் வேண்டும். முதல் பந்தே பவுண்டரிக்குப் பறந்ததும் பெரியப்பா துள்ளி எழுந்து டிவிக்கு முன்னால் வந்துவிட்டார். திரை முழுக்க அவர் முதுகு.

"அண்ணா, தள்ளு. மறைக்கிற" என்று அப்பா கத்தினார்.

பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் நகர்ந்தார். "அஞ்சு பந்துடா. ஆறு ரன்னு. அடிச்சுடுவான், இல்ல?"

"அடிச்சுடுவான்ணா."

அடுத்த பந்தில் ஒரு ரன். அதற்கடுத்தது வீண். மூன்று பந்து, ஐந்து ரன். அப்போது எங்கள் வீட்டு டியூப் லைட் மினுக்கி எரிந்தது. மணி ஐந்து. நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. வீட்டுக்கு ஓடினேன். எங்கள் டிவியில், எங்கள் தரையில் உட்கார்ந்து பார்க்கலாமே. படம் தெரியத் தொடங்கிய நொடியில் எல்லாம் மறுபடி அணைந்தது.

அம்மா மெயின் சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா கேட்டா கரண்ட் இன்னும் வரலைன்னு சொல்லு" என்றார்.

அரசாங்கமே திருப்பிக் கொடுத்த கரண்ட்டை, மூன்று பந்து மிச்சமிருக்கும்போது, சொந்த அம்மா நிறுத்துவாரா? எனக்குப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே தெருவுக்கு ஓடினேன், அப்பாவிடம் சொல்லிக்கொடுக்க. கேட்டுக்கு வெளியே அப்பா இல்லை.